ஸ்டெம் செல்லுக்கு வயதில்லை என்று நான் சொன்னது

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆன பிறகும், எலும்பு மஜ்ஜைக்குள் இருக்கும் ஸ்டெம் செல்லுக்கு வயதே ஆகாது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். ஆளுக்கு முடி நரைக்கும், முட்டி தேயும், காது மந்தமாகும். ஆனால் எலும்புக்குள் உட்கார்ந்து ரத்தம் தயாரிக்கிற அந்த மூல அணு மட்டும் பதினாறு வயதிலேயே நின்றுகொண்டிருக்கும் என்பது என் முடிவு. யாரும் எனக்கு அப்படிச் சொல்லித் தரவில்லை. ஒரு பயிற்சி வகுப்பில் "ஸ்டெம் செல் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும்" என்றார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பு. அந்த வாக்கியம் வரைக்கும் விழித்திருந்தேன். அதற்குப் பிறகு சொன்னதையெல்லாம் நானே கற்பனையில் எழுதி நிரப்பிக்கொண்டேன்.

நீங்கள் இப்போது நான் இருந்த அந்தச் செல் பிரிக்கும் அறைக்குள் புதிதாக வேலைக்குப் போகிறீர்கள். கொடையாளரின் ஒரு கையிலிருந்து ரத்தம் வெளியே வரும், இயந்திரம் அதில் ஸ்டெம் செல்லை மட்டும் பிரித்துப் பையில் சேர்க்கும், மிச்ச ரத்தம் மறு கை வழியாக உள்ளே போகும். இதை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வீர்கள். நான் விருப்ப ஓய்வு வாங்கி வீட்டில் உட்கார்ந்த பிறகு உங்களுக்கு எழுதுவது அதைப் பற்றி அல்ல. வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு போகிற போக்கில் நாம் சொல்கிற ஒரு வாக்கியம் என்ன செய்யும் என்பதைப் பற்றி.

சேலத்தில் நான் வேலை பார்த்த மருத்துவமனைக்கு நாமக்கல் பக்கத்திலிருந்து பாவாயி என்று ஓர் அம்மாள் வந்தார். ஐம்பது வயது. ரத்தப் புற்றுநோய். மருந்தில் அடங்கியிருந்தது, ஆனால் திரும்ப வரும் என்று எங்கள் டாக்டரம்மா உறுதியாகச் சொன்னார். வேறு ஒருவருடைய ஸ்டெம் செல்லை ஏற்றினால்தான் தப்பிக்கலாம். உடன்பிறந்தவர்கள் இரண்டு பேர். அண்ணன் நல்லுசாமி, முட்டைக் கோழிப் பண்ணை வைத்திருந்தார். தம்பி மணி, திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகளுக்கு வெல்டிங் பட்டறை. சோதித்ததில் இரண்டு பேருடையதும் அக்காளுக்கும் தங்கைக்குமாகப் பொருந்திவிட்டது. அதாவது ஒரே பெண், ஒருவருக்கு அக்காள், ஒருவருக்குத் தங்கை.

அடையாள அட்டையில் அண்ணனுக்கு ஐம்பத்திரண்டு, தம்பிக்கு நாற்பத்தேழு. டாக்டரம்மா இரண்டையும் பார்த்தார். "அஞ்சு வருஷ வித்தியாசம். சின்னவர்னா கொஞ்சம் நல்லது. பெரியவர் கொடுத்தாலும் தப்பில்லை. பேசிச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வேறொரு நோயாளியைப் பார்க்கப் போனார். காகிதங்களை நிரப்ப என்னை விட்டுப் போனார். அங்கேதான் எனக்குக் கண்டம் இருந்தது.

"இதுல பேசறதுக்கு என்ன இருக்குது" என்றார் நல்லுசாமி. "பொறந்தவளுக்கு அண்ணன் சீரு செய்யறது. நான் குத்துக்கல்லாட்ட இருக்கறப்ப தம்பி முன்ன போயி நின்னான்னா ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் என்ன பேசும்?"

"இது என்னங்ணா, தட்டத்துல சேலையும் வாழைப்பழமும் வெச்சு எடுத்துட்டுப் போற சீரா?" என்றார் மணி. "டாக்டரம்மா சின்னவர்னா நல்லதுன்னு சொன்னாங்கல்ல."

"கொஞ்சம் நல்லதுன்னாங்க. கொஞ்சம்."

நல்லுசாமியின் மனைவி பூங்கொடி இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். திறக்கப் போகிற மாதிரி ஒரு தடவை முந்தானையைச் சரிசெய்தார். அதற்குள் நல்லுசாமி என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க சாமி. படிச்சவிக. வயசுல என்ன இருக்குது?"

நான் பேனாவை மூடினேன். அந்த மாதிரி கேள்விக்குப் பேனாவை மூடிவிட்டுப் பதில் சொன்னால் எடுப்பாக இருக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு. "ஸ்டெம் செல்லுக்கு வயசே கிடையாதுங்க. யாரு குடுத்தாலும் ஒண்ணுதான்" என்றேன்.

நல்லுசாமிக்கு முகம் மலர்ந்தது. மணி எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார். பூங்கொடி முந்தானையை விட்டுவிட்டார். நான் படிவத்தில் அண்ணன் பெயரை எழுதினேன், கையெழுத்துகூட அன்றைக்கு நன்றாக வந்தது.

அடுத்து நடந்ததை நீங்கள் புரிந்துகொள்ள ஒன்று தெரியவேண்டும். மாற்று செல் ஏற்றுவதற்கு முன் நோயாளியின் சொந்த மஜ்ஜையைக் கடுமையான மருந்து கொடுத்துக் காலி செய்துவிடுவோம். அதன் பிறகு அவர் உடம்பால் ரத்தம் செய்ய முடியாது. திரும்பிப் போக வழியில்லை. அப்போதெல்லாம் கொடையாளரிடம் அன்றைக்கு எடுத்து அன்றைக்கே ஏற்றுவதுதான் எங்கள் வழக்கம். எனவே பாவாயி அம்மாளுக்கு மஜ்ஜையைக் காலி செய்து, தனியறையில் வைத்து, கண்ணாடிக்கு வெளியே நின்று எல்லோரும் கையசைத்துக்கொண்டிருந்த நாள் காலையில், நல்லுசாமி என் இயந்திரத்தின் பக்கத்துக் கட்டிலில் வந்து படுத்தார். அதற்கு முன் ஐந்து நாள், எலும்புக்குள் இருக்கும் ஸ்டெம் செல்லை ரத்தத்துக்குக் கிளப்பிவிடும் ஊசியை நான்தான் போட்டிருந்தேன்.

ஆள் நல்ல உற்சாகம். இரண்டு கையிலும் குழாய், மூக்கு அரித்தால் பூங்கொடிதான் சொறிந்துவிட வேண்டும். அந்த நிலையிலும் பேச்சு நிற்கவில்லை.

"பாவாயி கைக்கொழந்தையா இருந்தப்ப அம்மை கண்டுருச்சுங்க சாமி. எங்கப்பன் காட்டுல இருந்தாரு. நாந்தான் இடுப்புல தூக்கி வெச்சுக்கிட்டு, டவுன் பஸ்ஸேறி, நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்டக்டரு டிக்கெட்டு கேக்கறான். பிள்ளையப் புடிச்சுக்க, தேடறேன்னு அவங்கிட்டயே குடுத்துட்டேன்."

"இத இருவத்தாறு வருசமாக் கேக்கறேன்" என்றார் பூங்கொடி.

நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். கண்டக்டர் கையில் குழந்தை என்பது நல்ல காட்சிதானே. அந்தக் கதையில் வேறு என்ன இருந்தது என்று கவனிக்க வேண்டிய ஆள் நான். நான் சிரிப்பதில் மும்முரமாக இருந்தேன்.

பத்தரை மணிக்கு ஆய்வகத்திலிருந்து எண்ணிக்கை வந்தது. ரத்தத்தில் எத்தனை ஸ்டெம் செல் வந்திருக்கிறது என்ற எண்ணிக்கை. வேண்டியதில் பாதிகூட இல்லை. நாள் முழுக்க இயந்திரத்தை ஓட்டினாலும் பாவாயி அம்மாள் எடைக்குப் போதாது.

என் வீரத்தை இப்போது வரிசையாகக் கேளுங்கள். முதலில் எண்ணிக்கை தப்பு என்று முடிவு செய்து மறுபடி எண்ணச் சொன்னேன். அதே எண் வந்தது. பிறகு இயந்திரம் தப்பு என்று முடிவு செய்தேன். எண்ணிக்கைக்கு நரம்பிலிருந்து நேராக எடுத்த ரத்தம் இயந்திரத்துக்குள் போகவே இல்லை என்பது ஐந்து நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. பிறகு திடீரென்று மோர் ஞாபகம் வந்தது. ஊசி மருந்து வைக்கும் குளிர்பெட்டியில் என் மோர் பாட்டிலை வைக்கக் கூடாது என்று தலைமை நர்ஸ் மூன்று முறை சொல்லியிருந்தார். நான் ஐந்து நாளும் வைத்தேன். கதவைத் திறந்து திறந்து குடித்திருக்கிறேன். குளிர் போய்விட்டது, மருந்து கெட்டுவிட்டது, மோர் குடித்தே ஒரு பெண்ணைக் கொன்றுவிட்டேன் என்று என் மனது தீர்ப்பெழுதி முடித்துவிட்டது. செவ்வாய்ப்பேட்டையில் மாமா மளிகைக் கடையில் ஆள் தேவை என்று சொல்லிக்கொண்டிருந்தாரே, பருப்பு நிறுத்தால் யாரும் சாக மாட்டார்களே என்றுகூட யோசித்தேன்.

டாக்டரம்மாவிடம் போய் மோரைப் பற்றி முழுமையாக ஒப்புக்கொண்டேன். அவர் குளிர்பெட்டியின் வெப்பநிலைப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். ஒரு நாள்கூடத் தவறவில்லை.

"மோர் குடிச்சதுக்கு உனக்குத் தனியா இருக்கு" என்றார். "மருந்து நல்லாத்தான் இருக்கு. இப்ப சொல்லு. ஒருவேளை ஆளுக்கு மருந்து மெதுவா வேலை செய்யுதுன்னா, நாளைக்கும் ஊசி போட்டு நாளைக்கும் எடுக்கலாம், சேர்ந்துடும். ஆனா ஆளோட மஜ்ஜையிலேயே சரக்கு கம்மின்னா நாளைக்கு இதைவிடக் கம்மியா வரும். ஒரு நாளைக் கோட்டைவிட்டுடுவோம். உள்ள இருக்கற அம்மாவுக்கு வெள்ளணு இன்னிக்குச் சுத்தமா இல்லை. எனக்குப் பன்னெண்டு மணிக்குள்ள முடிவு வேணும், ஆபரேஷன் தியேட்டருக்குச் சொல்லணும்னா அதுக்குள்ள சொல்லணும். கொடுக்கறவருக்கு என்ன வயசு?"

"ஐம்பத்திரண்டுங்க."

"ஐம்பத்திரண்டு வயசு, வியாதியில்லாத உடம்பு. இவ்வளவு கம்மியா வரக் காரணமில்லை. போய் மெஷினைப் பாக்காதே. ஆளைப் பாரு."

அவர் எனக்குக் கற்றுக்கொடுத்ததிலேயே இந்தச் சொல்தான் பெரிது. நான் திரும்பி வந்து, வாசலில் நின்று, ஆளைப் பார்த்தேன். ஐந்து நாள் லாட்ஜில் தங்கியதில் தலைச்சாயம் வெளுத்து வகிட்டில் வெள்ளைக் கோடு ஓடியிருந்தது. கருவிழியைச் சுற்றிச் சாம்பல் வளையம். முழங்கையில் தோல் தளர்ந்து மடிந்திருந்தது. அப்போதுதான் கண்டக்டர் கதை என் காதில் இரண்டாவது தடவை ஓடியது. அட்டைப்படி பாவாயிக்கு ஐம்பது, அண்ணனுக்கு ஐம்பத்திரண்டு. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறியவனுக்கு அப்போது வயது மூன்று.

பூங்கொடியை இளநீர் வாங்கிவர அனுப்பினேன். கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"ஏனுங்ணா, பாவாயியம்மா பொறந்தப்ப உங்களுக்கு என்ன வயசு?"

"ஏஞ்சாமி?"

"சும்மாதானுங்க."

நல்லுசாமி கதவைப் பார்த்தார். "அவ போயிட்டாளா?"

"போயிட்டாங்க."

"பதினாலு."

நான் விரல் விட்டு எண்ணினேன். "அப்ப இப்ப உங்களுக்கு அறுபத்திநாலுங்க."

"மெதுவாப் பேசுங்க சாமி." அவர் குரலே காற்றாக வந்தது. "முப்பத்தெட்டு வயசாயியும் எனக்குப் பொண்ணு அமையல. காடு இருக்குது, கெணறு இருக்குது, பண்ணை இருக்குது, பொண்ணு மட்டும் இல்ல. சோசியக்காரரு ஒருத்தரு சொன்னாரு, குரு பன்னெண்டு வருசத்துக்கு ஒருக்கா அதே ராசிக்கு வந்துருவாரு, அதனால பொறந்த வருசத்தப் பன்னெண்டு தள்ளி எளுதுனா கட்டம் அசையாதுன்னு. எளுதிக் குடுத்தாரு. பள்ளிக்கூடத்துச் சர்ட்டிபிகேட்டு நமக்குக் கெடையாது. அப்பறம் வந்த அட்டைக அத்தனையும் அந்தச் சாதகத்த வெச்சுத்தான்."

"குரு சரிங்க. சனி மாறியிருக்குமே?"

"பொண்ணு ஊட்டுல குருபலன் மட்டுந்தான் கேட்டாங்க. சனியப் பத்தி யாரும் கேக்கல." பிறகு என் கையைப் பிடிக்கப் பார்த்தார், குழாய் இழுத்தது. "அவளுக்குத் தெரிய வேண்டாஞ் சாமி. பேரன் பேத்தி எடுத்த காலத்துல, இத்தன வருசமா ஏமாத்திட்டனேன்னு நெனப்பா."

நான் டாக்டரம்மா அறையை நோக்கி ஓடினேன். பாதி வழியில், இளநீரை இரண்டு கையிலும் பிடித்தபடி பூங்கொடி நின்றிருந்தார்.

"எத்தனைன்னு சொன்னாரு?"

"எதுங்கக்கா?"

"என்னைய எளநி வாங்க அனுப்பிச்சுப்போட்டு வேறென்னத்தக் கேட்டிருப்பீங்க. அறுவத்திநாலுன்னு சொன்னாரா? அதுலயும் நாலஞ்ச முழுங்கிட்டாரான்னுதான் கேக்கறேன்."

"உங்களுக்குத் தெரியுங்களா?"

"கண்ணாலம் ஆன வருசமே தெரியும். மூணு வயசுப் பையன் இடுப்புல பிள்ளைய வெச்சுக்கிட்டு பஸ்ஸேறுனான்னு சொன்னா நம்பறதுக்கு நான் என்ன மண்ணா? மனுசன் வெசனப்படுவாருன்னு கேக்காம விட்டுட்டேன்."

"அன்னிக்கு நான் படிவம் எழுதறப்பச் சொல்லியிருக்கலாமேக்கா."

பூங்கொடி என்னைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை. அதனால்தான் அது இன்றும் நினைவிருக்கிறது.

"சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள நீங்கதான சாமி சொன்னீங்க, அதுக்கு வயசே கெடையாதுன்னு. செரி, வயசில்லாததுக்கு வயச எதுக்குச் சொல்லி மனுசனச் சபையில அசிங்கப்படுத்தோணும்னு இருந்துட்டேன்."

இளநீரில் ஒன்றை என் கையில் கொடுத்தார். எனக்கு என்று வாங்கியிருந்தாராம்.

மோரைப் பற்றி ஒப்புக்கொள்வது சுலபம். அது என் நாக்கு ருசி சம்பந்தப்பட்டது. இது என் வாய் சம்பந்தப்பட்டது. ஓர் இளநீரைப் பிடித்துக்கொண்டு டாக்டரம்மா முன் நின்று, கொடையாளருக்கு அறுபத்திநாலு வயது என்று சொன்னேன். வயது மறைந்ததற்கு யார் காரணம் என்பதையும் சொன்னேன். பேனாவை மூடியதுகூட விடாமல் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. முதலில் தியேட்டருக்குப் போன் செய்தார், பிறகு மயக்க மருந்து டாக்டருக்கு. அதற்குப் பிறகு, நடந்துகொண்டே, எனக்கு விளங்கும்படி சொன்னார். வயது ஆக ஆக மஜ்ஜைக்குள் கொழுப்பு இடம் பிடிக்கும். ஸ்டெம் செல் எண்ணிக்கையில் குறைய வேண்டும் என்றுகூட இல்லை, உள்ளே கூடுதலாகவும் இருக்கலாம். ஆனால் ஒவ்வொன்றும் செய்கிற வேலை குறைந்துவிடும். ஊசி போட்டுக் கிளப்பினாலும் இடத்தைவிட்டு எழுந்து வருவது சுணங்கும். புது உடம்பில் போய்க் குடியேறினாலும், கிருமியோடு சண்டையிடப் புதிதாகப் பழகவேண்டிய அணுக்களைச் செய்வதில் பின்தங்கும். "அறுபதைத் தாண்டினவங்க கொடுத்து நல்லா ஏறினதும் உண்டு" என்றார். "வேற ஆள் இல்லைன்னா இவர்கிட்டத்தான் எடுத்திருப்பேன். அப்பவும் தெரிஞ்சு எடுக்கணும். முன்கூட்டியே எடுத்து, எண்ணிப் பாத்து, உறையவெச்சுட்டு, அதுக்கப்புறம்தான் அந்தம்மாவோட மஜ்ஜையைக் காலி பண்ணியிருப்பேன்."

தம்பிக்கு இனிமேல் ஐந்து நாள் ஊசி போட நேரமில்லை. ஆனால் அவருடைய இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை நேராக உறிஞ்சி எடுக்க ஊசியே தேவையில்லை. பழைய முறை. தியேட்டரும் ஒரு மயக்க மருந்து டாக்டரும் சம்மதிக்கிற தம்பியும் போதும். மூன்றாவதுதான் எங்களுக்குச் சந்தேகம். அன்றைக்கு டீ குடிக்கப் போனதிலிருந்து மணி அண்ணனோடு பேசுவதை நிறுத்தியிருந்தார்.

டாக்டரம்மா கட்டிலருகே வந்து நல்லுசாமியிடம் நேராகச் சொன்னார். பூங்கொடி வெளியே இருந்தார், தானாகவே.

"என்னுது சுத்தமா ஆவாதுங்களா?" என்று கேட்டார் நல்லுசாமி.

"ஆகும். போதாது."

"எழுவது வாரந் தாண்டுன கோழி இருக்குதுங்களே, அதும் முட்டை உடும். பாக்கறதுக்குப் பெருசாக்கூட இருக்கும். ஓடு மெலுசாப் போயிரும். அட்டையில அடுக்கி லாரியில ஏத்துனா ஊரு தாண்டறதுக்குள்ள பாதி ஒடஞ்சுரும். என்ற ஷெட்டுல எந்தக் கோழிக்கு எத்தன வாரம்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்." நல்லுசாமி கதவுப் பக்கம் திரும்பினார். "மணியக் கூப்புடுங்க."

மணி வந்து கால்மாட்டில் நின்றார். கைகட்டிக்கொண்டு.

"எனக்கு ஊசி ஒத்துக்கலையாம். நீ படு."

"ஏனுங்ணா, இப்பத்தான் என்னையக் கண்ணுக்குத் தெரியுதா? ஒறம்பரைக பேசாதா?"

"பேசுனா நாம் பேசிக்கறேன். ராத்திரி பத்து மணிக்கு மேல பச்சத்தண்ணிகூடக் குடிக்காதங்கறாங்க. காதுல வாங்குனயா?"

"வாங்கிட்டேன்."

"பட்டறைக்கு ஆளு சொல்லிப்போட்டியா?"

"அதெல்லாம் காலைலயே சொல்லிட்டேன்" என்றார் மணி. காலையில் அவருக்கு எதுவும் தெரிந்திருக்க நியாயமில்லை. நான் கேட்கவில்லை. சிலருக்கு முன்கூட்டியே மனது சொல்லிவிடும் போலிருக்கிறது, அல்லது அண்ணனின் நிஜ வயது தெரிந்த தம்பி எனக்கு முன்பாகவே கூட்டல் கழித்தல் போட்டுவிட்டார்.

புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஒன்று. வயதைப் படிவத்திலிருந்து பார்த்து எழுதாதீர்கள். தனியாகக் கூப்பிட்டு, உடன்பிறந்தவர் பிறந்தபோது உங்களுக்கு என்ன வயது என்று கேளுங்கள். அட்டை பொய் சொல்லும், அந்தக் கேள்விக்கு எங்கள் ஊரில் யாரும் பொய் சொல்லிக் கேட்டதில்லை. எனக்குப் பின்னால் அந்தப் படிவத்தில் இந்தக் கேள்வியைச் சேர்த்துவிட்டார்கள். தெரியாததைக் கேட்டால் "டாக்டரைக் கேட்டுச் சொல்றேனுங்க" என்று சொல்லுங்கள். பேனாவைத் திறந்தே வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

அன்று நல்லுசாமியிடமிருந்து எடுத்ததை, எதற்கும் இருக்கட்டும் என்று உறையவைத்தோம். மறுநாள் காலை மணியின் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்தார்கள். மதியம் பாவாயி அம்மாளுக்கு ஏற்றினோம். ஏற்றி முடிக்க மூன்று மணி நேரம் ஆனது. பன்னிரண்டாம் நாள் அவருக்குக் காய்ச்சல் வந்தது, நான்கு நாள் இருந்து இறங்கியது. இருபதாம் நாள் வெள்ளணு தானாக ஏறத் தொடங்கியது. முப்பத்தைந்தாம் நாள் அவர் நடந்து வெளியே வந்து, நாமக்கல்லுக்குக் காரில் போனார். மூன்று மாதம் கழித்துச் சோதித்தபோது அவர் உடம்பில் ஓடிய ரத்தம் முழுக்கத் தம்பி மணியின் செல் தயாரித்தது. அண்ணனிடமிருந்து எடுத்த பையைப் பிரிக்க வேண்டியே வரவில்லை.